மரக்கன்று கொடுப்பதற்கு முன்னால்...

ஒருவர் மருத்துவரிடம் போகிறார். நாற்காலியில் உட்காரும் முன்பே மருத்துவர் சீட்டில் மாத்திரையை எழுதி நீட்டிவிடுகிறார். "எங்கே வலிக்கிறது?" என்ற கேள்வியே இல்லை. அந்த மருத்துவரிடம் இரண்டாவது முறை யாராவது போவார்களா?

விவசாயிகளை மரம் வளர்க்கச் சொல்லும் திட்டங்கள் பல இப்படித்தான் நடக்கின்றன. என்ன மரம், எத்தனை லட்சம் கன்று, எந்த மாதம் நடுவது என்பதெல்லாம் எங்கோ ஓர் அலுவலகத்தில் முடிவாகிவிடும். பிறகு விழா, பேனர், புகைப்படம். அடுத்த வருடம் போய்ப் பார்த்தால் கன்று இருந்த இடத்தில் காய்ந்த குச்சி நிற்கும். "விவசாயிகளிடம் விழிப்புணர்வு இல்லை" என்று அறிக்கையில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்விடுவார்கள்.

விழிப்புணர்வு இல்லாதது யாரிடம் என்பதுதான் கேள்வி. நிலத்தின் நோய் என்ன என்று விவசாயியோடு உட்கார்ந்து கண்டுபிடிக்காமல் கொடுக்கப்படும் எந்த மரமும், எவ்வளவு நல்ல மரமாக இருந்தாலும், அவர் தலையில் ஏற்றிவைக்கப்படும் ஒரு செலவுதான். இதற்கு ஆப்பிரிக்காவில் ஐம்பது வருட அனுபவம் சாட்சியாக இருக்கிறது.

நோய் நாடி...

வயலில் பயிரோடும் கால்நடையோடும் சேர்த்து மரத்தையும் வளர்ப்பதற்கு வேளாண்காடு என்று பெயர். பழக்கம் மிகப் பழையது, பெயர்தான் புதிது. இதற்கென்றே தனியாக ஓர் ஆராய்ச்சி நிறுவனம் 1977இல் தொடங்கப்பட்டது. சுருக்கமாக 'இக்ராஃப்' என்பார்கள். 1978 முதல் கென்யாவின் தலைநகரான நைரோபிதான் அதன் தலைமையிடம். (2019இல் இது இன்னொரு சர்வதேச வன ஆராய்ச்சி நிறுவனத்தோடு இணைந்துவிட்டது.)

அந்த நிறுவனத்தில் ஜான் ரெயின்ட்ரீ என்ற மானிடவியலாளர் இருந்தார். பெயரைப் பார்த்து யாரும் கேலி செய்ய வேண்டாம், உண்மையான பெயர்தான்! 1980களின் தொடக்கத்தில் அவரும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு முறையை உருவாக்கினார்கள். தமிழில் 'நோயறிதலும் வடிவமைப்பும்' என்று சொல்லலாம். மருத்துவத்தில் இருந்து எடுத்த யோசனைதான் அது. முதலில் நோய், பிறகுதான் மருந்து.

அதில் முதல் கேள்வியே மரத்தைப் பற்றியது இல்லை. குடும்பத்தைப் பற்றியது. ஒரு விவசாயக் குடும்பத்துக்கு அடிப்படையில் என்னென்ன தேவை? உணவு, விறகு, வீடு, கருவிகளுக்கும் வேலிக்குமான பொருட்கள், கையில் ரொக்கம், எதிர்காலத்துக்குச் சேமிப்பு, கல்யாணம் காதுகுத்து போன்ற சமூகக் கடமைகள். இந்தத் தேவைகளில் எது நிலத்தில் இருந்து சரியாகக் கிடைக்கவில்லை? ஏன் கிடைக்கவில்லை? அந்தக் காரணத்துக்கு என்ன காரணம்? இப்படியே பின்னோக்கிப் போக வேண்டும்.

கென்யாவின் மச்சாக்கோஸ் போன்ற வறண்ட பகுதியில் இந்தச் சங்கிலி எப்படி ஓடும் என்று பாருங்கள். சோளம் போதவில்லை. ஏன்? விதைப்பு தாமதம். ஏன் தாமதம்? மழை விழுந்தவுடன் உழ முடியவில்லை. ஏன்? உழவு மாடுகளுக்குத் தெம்பு இல்லை. ஏன்? கோடையின் கடைசியில் தீவனம் கிடைப்பதில்லை.

ஆக, உணவுப் பற்றாக்குறை என்று தெரிந்த நோயின் வேர் மாட்டுத் தீவனத்தில் இருக்கிறது. கோடையிலும் பச்சையாக நிற்கும் தீவன மரம் இங்கே மருந்தாகலாம். மண்ணை மட்டும் எடுத்துப் பரிசோதித்த ஒருவர் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கவே மாட்டார். சத்து குறைவு என்று சொல்லி உரம் எழுதிக் கொடுத்திருப்பார்.

இந்த முறையில் இன்னொரு நேர்மையும் உண்டு. கடைசியில் வரும் பதில் மரமாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வரப்பைச் சரிசெய்வதோ, விதையை மாற்றுவதோ, கடன் வசதியோ பதிலாக இருந்தால் அதுதான் பதில். மரம் விற்க வந்தவர் இதை ஒப்புக்கொள்வது சிரமம்!

மரம் முதலில், கேள்வி பிறகு

இதற்கு நேர் எதிரான கதை ஒன்று உண்டு. நைஜீரியாவின் இபாதான் நகரில் உள்ள சர்வதேச வெப்பமண்டல வேளாண் நிறுவனத்தில் 1970களின் பிற்பகுதியில் 'சந்துப் பயிர்' முறை உருவானது. சூபாபுல் (தமிழ்நாட்டில் சவுண்டல் என்பார்கள்) அல்லது கிளைரிசிடியாவை வரிசையாக நட வேண்டும். இரண்டு வரிசைகளுக்கு நடுவே உள்ள சந்தில் சோளம். மரத்தை அடிக்கடி கவாத்து செய்து தழையை மண்ணில் போட்டால் அதுவே உரம். காகிதத்தில் பார்த்தால் குறையே இல்லை. ஆராய்ச்சிப் பண்ணையிலும் நன்றாகத்தான் வந்தது. பல நாடுகளுக்கு அந்த முறை எடுத்துச் செல்லப்பட்டது.

விவசாயிகள் எதிர்பார்த்த அளவு ஏற்கவில்லை. ஏன்?

கவாத்து செய்ய வேண்டிய நேரமும் களை எடுக்க வேண்டிய நேரமும் ஒன்றாக வந்து நின்றன. ஆராய்ச்சிப் பண்ணையில் கூலிக்கு ஆள் உண்டு. சிறு விவசாயியின் வீட்டில் இருப்பது இரண்டு மூன்று ஜோடிக் கைகள். அந்த வாரத்தில் ஒரு நாள் வேலையின் மதிப்பு மற்ற மாதங்களில் ஒரு நாளின் மதிப்பைவிட எத்தனையோ மடங்கு அதிகம். வணிகவியலில் 'வாய்ப்புச் செலவு' என்று முதல் வருடமே சொல்லிக் கொடுப்பார்கள். ஒன்றைச் செய்வதற்காகக் கைவிட்ட இன்னொன்றின் மதிப்பு. சந்துப் பயிரின் கணக்கில் தழையின் தழைச்சத்து வரவாக எழுதப்பட்டது. கைவிடப்பட்ட களையெடுப்பு செலவாகப் பல இடங்களில் எழுதப்படவில்லை.

வறண்ட இடங்களில் தண்ணீரும் ஒரு பிரச்சனை. ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனம் 1980களில் சூபாபுல்லை வைத்துச் செய்த ஆய்வுகளில், மரமும் பயிரும் ஒரே ஈரத்துக்குப் போட்டியிட்டன. ஜெயித்தது மரம், தோற்றது பயிர். போதாக்குறைக்கு ஒரே மரத்தை நம்பியதற்கும் விலை கொடுக்க வேண்டி வந்தது. சூபாபுல்லின் சாறை உறிஞ்சும் ஒரு சிறு பூச்சி 1980களில் பசிபிக் தீவுகளிலும் ஆசியாவிலும் பரவி, 1992இல் கிழக்கு ஆப்பிரிக்காவையும் எட்டிவிட்டது.

சந்துப் பயிர் முட்டாள்தனமான யோசனை இல்லை. மழை போதுமானதாக இருந்து, மண் சரிவாக இருந்து, வேலைக்கு ஆளும் இருந்தால் அது பயன்படும். கேட்கும் முன்பே எல்லோருக்கும் ஒரே சீட்டாக எழுதப்பட்டதுதான் தவறு.

கணக்கு நேரான இடம்

இப்போது கென்யாவுக்கே திரும்பலாம். கென்ய மலையின் சரிவில் எம்பு என்று ஒரு பகுதி. சின்னச் சின்ன நிலங்கள், காப்பி, கொட்டிலில் கட்டி வளர்க்கும் ஒன்றிரண்டு கறவை மாடுகள். அங்கே விவசாயிகளின் பிரச்சனை நேரடியானது. புல்லை மட்டும் போட்டால் பால் குறைகிறது, கடையில் வாங்கும் கலப்புத் தீவனமோ விலை கட்டுபடியாகவில்லை.

1990களில் அங்கே விவசாயிகளின் நிலத்திலேயே காலியாண்ட்ரா என்ற புதர் மரத்தைச் சோதித்துப் பார்த்தார்கள். அதன் பசுந்தழை ஏறக்குறைய 3 கிலோ, 1 கிலோ கலப்புத் தீவனத்துக்கு ஈடாக இருந்தது. சுமார் 500 செடிகள் இருந்தால் ஒரு பசுவுக்கு வருடம் முழுவதும் தினமும் தழை கொடுக்கலாம்.

500 செடியா, அதற்கு நிலம்? அதுதான் விஷயம். தனியாக நிலமே வேண்டாம். வேலியோரம், வரப்பு, சரிவில் மண் அரிக்காமல் கட்டிய படிக்கட்டுக் கரை, ஏற்கெனவே இருக்கும் புல் வரிசைகளின் நடுவே என்று எங்கெல்லாம் வேறு வருமானம் இல்லையோ அங்கெல்லாம் நட்டார்கள். ஒரு வருடத்திலேயே அறுவடை தொடங்கியது. நிலத்துக்குக் கூடுதல் செலவு இல்லை, கைமுதல் மிகக் குறைவு, வருமானம் தினமும் காலையில் பால் குவளையில் தெரியும். 2005 வாக்கில் கிழக்கு ஆப்பிரிக்காவில் சுமார் 2 லட்சம் விவசாயிகள் தீவன மரங்களை நட்டிருந்தார்கள். அவர்களுக்கு எந்த விழிப்புணர்வு ஊர்வலமும் தேவைப்படவில்லை. கணக்கு நேராக இருந்தது, அவ்வளவுதான்.

வடிவமைப்பில் விவசாயியின் கை

"சரி, பிரச்சனையை விவசாயி சொல்லட்டும், தீர்வை விஞ்ஞானி சொல்லட்டும்" என்று ஒரு சமாதானம் உண்டு. கிழக்கு சாம்பியாவின் சிபாடா பகுதி அதற்கும் பதில் சொல்கிறது.

அங்கே 1980களின் பிற்பகுதியில் நடந்த நோயறிதலில் முதல் பிரச்சனையாக வந்தது மண் வளம் குறைவது. 1990களின் தொடக்கத்தில் உர மானியமும் போய்விட, உரம் வாங்குவதே பலருக்கு முடியாமல் போனது. தீர்வாக வந்தது சித்தகத்தி. (ஆமாம், தமிழ்நாட்டு வாய்க்கால் ஓரங்களில் மஞ்சள் பூவோடு நிற்கும் அதே சித்தகத்திதான். அகத்திக்குச் சொந்தக்காரச் செடி.) இரண்டு வருடம் நிலத்தில் அதை வளரவிட்டு, வெட்டிவிட்டு, மூன்றாம் வருடம் சோளம் போட்டால் மண்ணில் சேர்ந்த தழைச்சத்து விளைச்சலைத் தூக்கிவிடும்.

விஞ்ஞானிகள் பையில் வளர்த்த நாற்றைக் கொடுத்தார்கள். பை, மண், சுமை எல்லாமே செலவு என்று விவசாயிகள் பாத்தியில் வளர்த்த வெறும் வேர் நாற்றைப் பிடுங்கி நட்டார்கள். இரண்டு வருடம் நிலத்தைச் சும்மா விடுவதா என்று யோசித்து, முதல் வருடம் சித்தகத்தியோடு சோளத்தையும் சேர்த்தே போட்டார்கள். இரண்டுமே பரிசோதனைக் கூடத்தில் இருந்து வந்தவை இல்லை. செலவைக் குறைக்க வேண்டிய கட்டாயத்தில் இருந்தவர்கள் கண்டுபிடித்தவை.

இன்னொன்றும் அங்கே புரிந்தது. அறுவடை முடிந்ததும் ஊர் மாடுகள் எல்லா நிலத்திலும் மேயும். அது ஊர் வழக்கம். இளம் கன்றுகள் மாட்டின் வாய்க்குப் போயின, மீதி காட்டுத்தீக்குப் போயின. தனி ஒரு விவசாயி இதற்கு என்ன செய்ய முடியும்? கடைசியில் ஊர்த் தலைவர்கள் கூடி மேய்ச்சலுக்கும் தீ வைப்பதற்கும் கட்டுப்பாடு கொண்டுவர வேண்டியிருந்தது. மரத்தின் வடிவமைப்பில் ஊர்ப் பஞ்சாயத்தும் ஒரு பகுதி!

நிலம் ஓரளவு மிச்சம் இருந்ததால்தான் சாம்பியாவில் இது முடிந்தது என்பதையும் மறக்கக் கூடாது. அரை ஏக்கரை வைத்துக்கொண்டு சாப்பிடும் குடும்பத்திடம் இரண்டு வருடம் நிலத்தைச் சும்மா விடச் சொன்னால் அது தீர்வு இல்லை, பட்டினி.

யாரிடம் கேட்பது?

எல்லாம் சரி, கேட்டுவிட்டால் போதுமா? 'விவசாயி' என்றால் யார்?

மச்சாக்கோஸில் உள்ள கத்தாமா என்ற ஊர்தான் நோயறிதல் முறையை 1980களின் தொடக்கத்திலேயே நேரடியாகச் சோதித்துப் பார்த்த இடங்களில் ஒன்று. தொடக்கத்தில் கவனம் முழுவதும் குடும்பத்தின் பயிர் நிலத்தின் மேல் இருந்தது. டயான் ரோஷலூ என்ற புவியியலாளர் அங்கே பெண்கள் குழுக்களோடு வேலை செய்தபோது வேறு ஒரு படம் தெரிந்தது. விறகு, கீரை, மருந்துச் செடி, நார் போன்றவற்றைப் பெண்கள் எடுத்து வந்தது பெரும்பாலும் பயிர் நிலத்தில் இருந்து இல்லை. புதர்க்காடு, ஓடைக்கரை, அடுத்தவர் நிலத்தின் ஓரம் என்று யார் பெயரிலும் கணக்கில் வராத இடங்களில் இருந்து. 1984-85 வறட்சியில் குடும்பங்களைக் காப்பாற்றியதில் அந்தக் காட்டுச் செடிகளுக்கும் அவற்றைத் தெரிந்த பெண்களுக்கும் பெரிய பங்கு உண்டு.

குடும்பத் தலைவரிடம் மட்டும் கேட்டிருந்தால் அந்தப் புதர் "சும்மா கிடக்கும் நிலம்" என்றுதான் பதிவாகியிருக்கும். சும்மா கிடக்கும் நிலத்தில் மரம் நடுவது நல்ல காரியம்தானே என்று வேலியும் போட்டிருப்பார்கள். ஒருவருக்குத் தரிசு, இன்னொருவருக்குச் சமையலறை. மரம் யாருக்கு, விறகு யாருக்கு, தண்ணீர் ஊற்றப் போவது யார் என்று தனித்தனியாகக் கேட்காத எந்த நோயறிதலும் அரைகுறைதான்.

கன்றே தேவைப்படாத இடம்

மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டுக்கு டோனி ரினாடோ என்ற ஆஸ்திரேலிய வேளாண் வல்லுநர் 1980களின் தொடக்கத்தில் போனார். மராடி பகுதியில் கன்றுகளை நட்டுப் பார்த்தார்கள். பெரும்பாலானவை செத்துப்போயின. 1983இல் அவர் ஒன்றைக் கவனித்தார். வயலில் களை போலத் தெரிந்த புதர்கள் புதர்களே இல்லை. வெட்டப்பட்ட மரங்களின் அடிக்கட்டையில் இருந்து வரும் துளிர்கள். வேர் உயிரோடுதான் இருந்தது. நல்ல கிளைகளை விட்டு மற்றதைக் கழித்து, மேயவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும், மரம் தானாகவே வந்துவிடும்.

அப்படியானால் விவசாயிகள் ஏன் அதுவரை வளர்க்கவில்லை? காலனிக் காலத்தில் இருந்து வந்த வனச் சட்டத்தில் மரம் அரசுக்குச் சொந்தம். தன் வயலில் உள்ள மரத்தை வெட்டினாலும் அபராதம் விழலாம். தனக்குச் சொந்தமில்லாத சொத்தை யார் பராமரிப்பார்கள்? அந்தக் கெடுபிடி நடைமுறையில் தளர்ந்த பிறகு முறை வயலுக்கு வயல் பரவியது. பின்னாளில் செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பார்த்தபோது தெற்கு நைஜரில் சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரங்கள் திரும்பியிருந்தன. ரினாடோவுக்கு 2018இல் 'ரைட் லைவ்லிஹுட்' விருது கிடைத்தது.

இங்கே நோய் மண்ணில் இல்லை, சட்டத்தில் இருந்தது. இந்தியாவிலும் 2014இல் வந்த தேசிய வேளாண்காட்டுக் கொள்கை, சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் கொண்டுபோகவும் உள்ள அனுமதிக் கெடுபிடிகளை ஒரு தடையாகவே குறிப்பிட்டது. இதைத் தீர்க்காமல் எத்தனை கோடி கன்று கொடுத்து என்ன?

கேட்காமல் கொடுத்த மருந்து

கேட்காமல் கொடுத்தால் கன்று காய்ந்துபோவது மட்டும்தான் நஷ்டம் என்று நினைத்தால், கென்யாவின் பாரிங்கோவைப் பார்க்க வேண்டும். 1980களில் விறகுக்காகவும் நிலத்தைப் பசுமையாக்கவும் சீமைக்கருவேலம் அங்கே கொண்டுபோய் நடப்பட்டது. அது காயவில்லை. மேய்ச்சல் நிலத்தையே விழுங்கிவிட்டது. அதன் காயைத் தின்ற ஆடுகளின் பல் கெட்டுப்போனது. அங்கே வாழும் இல்சாமுஸ் மக்கள் 2000களின் நடுவில் அரசின் மேல் வழக்கே போட்டார்கள். பல் போன ஆட்டை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்து காட்டினார்கள்.

ராமநாதபுரத்துக்காரர்களுக்கு இந்த மரத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அங்கேயும் விறகுக்காகத்தான் வந்தது. கரிமூட்டம் போட்டுப் பலர் பிழைத்ததும் உண்மை, கண்மாயும் வயலும் புதராகிப்போனதும் உண்மை. 2017இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை அகற்ற உத்தரவிடும் அளவுக்கு விஷயம் போனது. நடுவதற்கு ஒரு செலவு, பிடுங்குவதற்கு இன்னொரு செலவு!

"இதற்கெல்லாம் நேரம் இருக்கிறதா?"

எதிர்வாதங்களில் வலுவானது இதுதான். ஊர் ஊராக உட்கார்ந்து பேசினால் எப்போது மரம் நடுவது? காலநிலை காத்திருக்காதே. இது நியாயமான கவலை. நோயறிதல் முறைக்கு நிபுணர் குழு, வாரக்கணக்கில் கள வேலை என்று செலவு அதிகம் என்பதும் பழைய விமர்சனம்தான். ஆனால் செத்துப்போகும் கன்றின் செலவை யாரும் இதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதில்லை. கேட்பதற்கு ஆகும் செலவு அறிக்கையில் தனி வரியாகத் தெரியும், கேட்காததால் ஆன செலவு விவசாயி வீட்டில் தெரியும். இவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டாவது வாதம், விவசாயிகளிடம் கேட்டால் என்ன கிடைக்குமோ அதைத்தான் கேட்பார்கள் என்பது. உண்மைதான். கன்று ஏற்றிய லாரியோடு வந்து நின்று "உங்கள் பிரச்சனை என்ன?" என்று கேட்டால் "கன்று இல்லை" என்றுதான் பதில் வரும். லாரி இல்லாமல் போய்க் கேட்பதுதான் அதற்கு வழி.

கென்ய அரசு 2032க்குள் 1,500 கோடி மரங்கள் என்று 2022இல் இலக்கு வைத்தது. 2023 நவம்பர் 13ஆம் தேதியை மரம் நடுவதற்காகவே பொது விடுமுறையாக அறிவித்தது. நோக்கத்தில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் நைரோபியிலும் எம்புவிலும் கத்தாமாவிலும் இத்தனை வருடம் படித்த பாடம், நட்டதை எண்ணாதே, ஏன் நடவில்லை என்று கேள் என்பதுதானே?

ஒரு திட்டத்தின் அறிக்கை கைக்கு வந்தால் மூன்று விஷயங்களைத் தேடிப் பாருங்கள். நடும் முன் யாரிடம் கேட்டார்கள்? வருமானம் வரும் வரை அந்தக் குடும்பம் எதை வைத்துச் சாப்பிடும்? மரம் வளர்ந்த பிறகு அது யாருடையது? இந்த மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அதில் எத்தனை கோடி என்று எழுதியிருந்தாலும் அது நாற்றங்காலின் விற்பனைக் கணக்கு மட்டுமே. விவசாயியின் கணக்கு அதில் இன்னும் தொடங்கவே இல்லை.